காற்று முட்டுகிற குழாய்

புல்லாங்குழல் இல்லைங்க. நீங்கள் மூன்றாவது ஆளாகக் கேட்கிறீர்கள். சிங்காநல்லூரில் ஏறும்போது கண்டக்டர் கேட்டார். அப்புறம் முன்சீட்டில் பூக்கூடை வைத்திருக்கிற அம்மா கேட்டது. புல்லாங்குழல் என்றால் துளை ஒரே வரிசையில் இருக்கும். இதில் சுற்றிவர இருக்கிறது பாருங்கள், ஊசி நுழைகிற அளவில். இந்தத் துணியோடு பிடித்துக்கொள்ளுங்கள். கைவியர்வை பட்டால் மினுக்கம் போய்விடும். தப்பாக நினைக்க வேண்டாம், என் மருமகனிடமும் இதையேதான் சொன்னேன்.

விமானத்துக்குச் செய்தது. ஆமாங்க, ஆள் ஏறி உட்கார்ந்து பறக்கிற விமானம்தான். செஞ்சேரிப் பிரிவில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு தென்னந்தோப்பு வரும். தேங்காய் கொட்டி வைக்கிற குடோன் இருக்கிறது. அதற்குள் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரலாம். வெள்ளிங்கிரி முதலாளியுடையது. அவருடையது என்று சொல்வது பேருக்கு. செய்தது நாங்கள் இரண்டு பேரும். அவருக்குப் பம்புசெட் கம்பெனி இருந்தது, அதில் நான் இரும்பு கடைகிற டர்னராக இருந்தேன். கம்பெனியை மகன்கள் கையில் கொடுத்துவிட்டு அவர் வெளிநாட்டிலிருந்து வரைபடம் வாங்கினார். நான் தகடு வெட்டினேன். இறக்கையில் எத்தனை ரிவெட் என்று அவரைக் கேட்டால் "நாச்சியைக் கேளுங்க" என்பார். நாச்சி என்றால் நான்தான், நாச்சிமுத்து. கணபதியில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன், இடது இறக்கை தனி, வலது இறக்கை தனி. இப்போது வேண்டாம், உங்களுக்கு எதற்கு.

இந்தக் குழாய் இறக்கைக்கு அடியில் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டு இருக்கும். விமானம் போகப் போக எதிர்க்காற்று இந்த மூக்குத் துளையில் வந்து முட்டும். பக்கத்தில் இருக்கிற பொடித் துளைகளில் முட்டாத காற்று இருக்கும், சும்மா ஒட்டிக்கொண்டு போகிற காற்று. முட்டுகிற காற்றுக்கும் முட்டாத காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை உள்ளே இருக்கிற மீட்டர் வேகமாகக் காட்டும். ரோட்டில் ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் சொல்லிவிடும். ஆகாயத்தில் சக்கரம் எதைத் தொட்டுச் சொல்லும்? இதுதான் சொல்ல வேண்டும்.

பீட்டோ குழாய் என்று பெயர். எழுத்தைப் பார்த்து நானும் முதலாளியும் இத்தனை வருஷமாகப் பிட்டாட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. தங்கையா வந்து ஒரே நாளில் மாற்றிவிட்டான். அன்று சாயங்காலமே முதலாளி பீட்டோ, பீட்டோ என்கிறார், பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்கிறவர் மாதிரி.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கல்யாண வீட்டில்கூட சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடுவேன். நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இப்போது அங்கே போவதுகூட என் வெர்னியரை எடுத்துவரத்தான். அளவு பார்க்கிற கருவிங்க. குடோனில் இருந்துவிட்டது. எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இந்தக் குழாய் சும்மா பையில் இருக்கிறது.

தங்கையா யார் என்றுதானே? தெற்கத்தி ஆள். நாசரேத்துப் பக்கம். ஏர்ஃபோர்ஸில் விமானத்து மீட்டர்களைப் பார்க்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, சூலூரிலேயே வீடு கட்டிக்கொண்டான். முதலாளி அவனைப் பிடித்தது முடிவெட்டுகிற கடையில். முடிவெட்டிக்கொள்ளப் போனவர் ஓர் ஆளோடு திரும்பி வருகிறார். "நாச்சி, இவுரு தங்கையா. மீட்டர்னா இவுருதான்" என்றார். அவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி, சொகமா இருக்கீயளா?" என்றான். பார்த்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அண்ணாச்சி. எனக்கு அவனைவிட வயது கூடத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு ஆளுக்கு அண்ணன் ஆவதற்குக் கொஞ்ச நாள் வேண்டாமா?

அவன் வருவதற்கு முன்னால் மத்தியானம் நானும் முதலாளியும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதலாளியம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும். பேச்சு அதிகம் இருக்காது. அவர் "உப்பு கம்மி" என்பார், நான் "ஆமாங்க" என்பேன். திருப்தியாக இருக்கும். இவன் வந்தபிறகு சாப்பாட்டு நேரம் சினிமா கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. ஒரே சிரிப்பு. ஒரு நாள் கவனித்துப் பார்த்தேன். சாப்பிட்டு எழுவதற்குள் முதலாளி 'தங்கையா' என்று பதினான்கு தடவை சொன்னார். 'நாச்சி' என்று இரண்டு தடவை. அதில் ஒன்று தண்ணீர் கேட்க.

வீட்டில் வந்து சொன்னேன். எங்க வீட்டம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "ஏனுங், ஒரு ஆம்பளை மேல இன்னொரு ஆம்பளைக்கு இத்தனை பொறாமையை நான் எங்கயும் பாக்கலீங்" என்றது. பொறாமை இல்லை, எண்ணிக்கைதான் என்றேன். எண்ணிக்கை பொறாமை ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்.

இனிக் குழாய்க்கு வருகிறேன். எந்தக் குழாய் போடுவது என்று பேச்சு வந்தது. முதலாளிக்கு ஆசை வெளிநாட்டுக் குழாய் மேல். படம் வைத்திருந்தார். உள்ளே சூடு பண்ணுகிற கம்பி வைத்தது, பனி கட்டாமல் இருக்க.

தங்கையா படத்தைப் பார்த்துவிட்டு, "மொதலாளி, செஞ்சேரியில எங்க பனி கட்டப் போவுது? இத மாட்டினா காத்துக்கு வெந்நி வச்சிக் குடுக்கலாம்" என்றான். முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இதையே நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நான் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

"அப்ப என்னதான் போடறது?"

"வரைபடத்துல இருக்கத மாதிரி ரெண்டு அலுமினியக் குழாய். ஒண்ணு மொன தொறந்தது, ஒண்ணு மொன அடச்சி பக்கத்துல ஓட்ட போட்டது. வளச்சி மாட்டினா தீந்துச்சி. சாதாரணமா இருந்தா கெட்டுப் போவாது."

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இறக்கையை நான் கண்ணாடி மாதிரி இழைத்து வைத்திருக்கிறேன், அதற்கு அடியில் கேஸ் அடுப்புக்குப் போகிற மாதிரி இரண்டு குழாய் தொங்கவிட வேண்டுமாம். நான் முதல்தடவையாக எழுந்து பேசினேன். "துருப்புடிக்காத எஸ்.எஸ். ராடுல நான் ஒண்ணு கடைஞ்சு தர்றனுங்க. ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள வர்ற மாதிரி" என்றேன். முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "செய்யி நாச்சி" என்றார். தங்கையாவும் "செய்யுங்க அண்ணாச்சி, நல்லாருக்கும்" என்றான். வேறு என்ன சொல்வான், முதலாளியே சொல்லிவிட்டபிறகு.

அவன் அளவு போட்ட தாளைக் கொடுத்தான். பார்த்தேன். மூக்கு மட்டும் ஒரு சாண் நீளம் போட்டிருக்கிறது. துளைகள் மூக்கிலிருந்து வெகுதூரம் பின்னால். நான் லேத்தில் வளர்ந்தவன். லேத்தில் டூலை எவ்வளவு குட்டையாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. நீட்டினால் ஆடும், ஆடினால் கடைகிற பரப்பில் வரி வரியாக விழும். அது என் கையில் ஊறினது. ஒரு சாண் நீளக் குழாய் காற்றில் நீட்டிக்கொண்டு நின்றால் ஆடாதா? தாள் போட்டவன் லேத் பக்கம் போயிருக்க மாட்டான் என்று முடிவு பண்ணினேன். மூக்கைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். துளைகளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டேன். எவ்வளவு கச்சிதம் தெரியுமா? உள்ளங்கையில் அடங்கும். முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நல்லதற்குத்தானே செய்தது.

இதை மாட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? தோப்பை ஒட்டிப் பறப்புக்கென்று சமன் பண்ணின மண்பாதை இருக்கிறது. ஜீப்பு முன்னால் ஒரு கம்பம் கட்டி, அதில் குழாயைக் கட்டி, மீட்டரை முதலாளி முன்னால் வைத்தோம். முதலாளி ஓட்டினார். தங்கையா பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியின் வேகத்தை மொபைலில் பார்த்துச் சொன்னான். பக்கத்து சீட் இதுவரைக்கும் என்னுடையது. அன்றைக்கு நான் பின்னால்.

முதலில் என்னுடைய குழாய். மொபைல் எண்பது காட்டுகிறபோது என் குழாய் எண்பத்தெட்டு காட்டியது. காற்று ஒரு பக்கமாக அடிக்கிறதோ என்று திரும்பி வரும்போதும் பார்த்தார்கள். அப்போதும் எண்பத்தெட்டு. அப்புறம் அவன் வளைத்த அலுமினியக் குழாய். போகும்போது எண்பது, வரும்போது எழுபத்தொன்பது.

எனக்கு மனசுக்குள் சந்தோஷம். கூடக் காட்டியது என்னுடையது. குறைத்துக் காட்டியது அவனுடையது. நீங்களே சொல்லுங்கள், எதில் காற்று நன்றாகப் போகிறது?

முதலாளி வண்டியை நிறுத்தி, "என்னப்பா நாச்சி, உன்னுது எட்டு கூடக் காட்டுது?" என்றார்.

"காத்து நல்லா வாங்குதுங்க" என்றேன்.

தங்கையா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் கம்பத்திலிருந்து என் குழாயை அவிழ்த்தான். பக்கத்தில் பம்புசெட் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய் வாய்க்கால் ஓரத்தில் மண்டியிட்டு, என் குழாயைத் தண்ணீரில் பாதி அமிழ்கிற மாதிரி பிடித்தான். என்னைக் கேட்கவில்லை. இரண்டு நாள் பஃப் போட்டு மினுக்கினது.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. மூக்கு தண்ணியப் பொளக்குதுல்லா? பொளந்த தண்ணி ஓரமா வேகமெடுத்து ஓடுது. அதான் மூக்குக்கு அடுத்தாப்ல ஒரு குழி விழுது, பாருங்க. ஒங்க ஓட்ட சரியா அந்தக் குழியில இருக்கு. இன்னும் பின்னால வந்தா தண்ணி சமமாயிருது. ஓட்ட இங்கன இருக்கணும்."

அவன் காட்டினது எனக்குத் தெரியாமல் இல்லை. குழி விழுந்துதான் இருந்தது. ஆனால் அது தண்ணீர். நாம் பேசுகிறது காற்று. நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியும் அவன் பக்கத்தில் சேற்றில் மண்டியிட்டுக் குனிந்து பார்க்கிறார். வெள்ளை வேட்டி. இத்தனை வருஷத்தில் என் பக்கத்தில் அவர் மண்டியிட்டு எதையும் பார்த்ததில்லை. ஒரு தடவை நட்டு உருண்டு போனபோது தேடினார். அது நட்டுக்காக.

அவன் எழுந்து, வேட்டித் துணியில் குழாயைத் துடைத்து என்னிடம் நீட்டினான். "அண்ணாச்சி, வேல அவ்வளவு சுத்தம். இப்படி ஒரு மினுக்கத்த நான் சர்வீஸ்ல கூடப் பாத்ததில்ல. மூக்க மட்டும் தாள்ல இருக்க நீளத்துக்கு இழுத்து, ஓட்டயப் பின்னால தள்ளிப் போட்டுத் தாங்க. இதையே மாட்டிருவோம். என்னது என்ன, சும்மா அடுப்புக் குழாய்தானே."

எவ்வளவு தந்திரம் பாருங்கள். முதலாளி முன்னால் என்னைப் புகழ்ந்துவிட்டால் நான் எதிர்த்துப் பேச முடியாது. அடுப்புக் குழாய் என்று அவனே சொல்லிவிடுகிறான், எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்காமல்.

"முடியாதுங்க" என்றேன். "இது இவ்வளவுதான். வேணும்னா மாட்டுங்க. வேண்டாம்னா உடுங்க."

"ஏப்பா, அவுரு நல்லதுக்குத்தான சொல்றாரு" என்றார் முதலாளி.

"நானும் நல்லதுக்குத்தானுங் செஞ்சது."

"நாச்சி, இது லேத்து இல்ல."

இந்த ஒரு வார்த்தை. கம்பெனியில் ஆயிரம் தடவை என்னைத் திட்டியிருக்கிறார். ஆயிரம் என்பது பேச்சுக்கு. ஒரு தடவைகூட மூன்றாவது ஆள் முன்னால் திட்டினதில்லை. நான் குழாயைத் துணியில் சுற்றினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "அப்ப அலுமினியத்தையே மாட்டு தங்கையா" என்றார்.

நான் என் பையை எடுக்கக் குடோனுக்குள் போனேன். வெளியே தங்கையா மெதுவாகப் பேசுகிறான். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் மெதுவாகப் பேசினான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"மொதலாளி, அண்ணாச்சி மனசு நோவக்கூடாதுன்னு அவருதையே மாட்டிறாதீய. எறங்கும்போது மீட்டர் எழுவது காட்டும், நீங்க நம்பி வருவீய. உண்மையில அறுவத்தி மூணோ நாலோதான் இருக்கும். இந்த விமானத்துக்கு அது பத்தாது. சொல்லாம கொள்ளாம கீழ போயிரும். தென்ன மர உசரத்துலேந்து விழுந்தா ஆளு மிஞ்ச மாட்டாவ."

முதலாளி என்ன பதில் சொன்னார் என்று கேட்கவில்லை. நான் பின்பக்கமாகக் கிளம்பிவிட்டேன். வெர்னியர் அங்கேயே இருந்துவிட்டது. என் ஆயுதம் எதையும் நான் ஓரிடத்தில் மறந்துவிட்டு வந்ததில்லை. அன்றைக்கு மறந்துதான் வந்தேன். வேண்டுமென்று வைத்துவிட்டு வந்ததாக எங்க வீட்டம்மா சொல்கிறது, அதை விடுங்கள்.

அப்புறம் மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. முதலாளி டிரைவரிடம் ஒரு சாக்குத் தேங்காய் கொடுத்தனுப்பினார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு சாக்குத் தேங்காய் எதற்கு? தேங்காய் வந்தது, அவர் வரவில்லை. டிரைவர் போகிறபோது, "வர்ற ஞாயித்துக்கெழமை மொதத் தடவையா விமானத்தை மேல ஏத்தறாங்க. நீங்க வர்றீங்களான்னு மொதலாளி கேக்கச் சொன்னாருங்" என்றான். எதை மாட்டி ஏற்றுகிறார்கள், அலுமினியக் குழாயையா என்று கேட்க நினைத்தேன். டிரைவருக்கு என்ன தெரியும். "வேலை இருக்குது" என்று சொல்லி அனுப்பினேன்.

வேலை இல்லை. லேத்தில் உட்கார்ந்தால் அந்த அறுபத்துமூன்று வந்து நிற்கிறது. தென்னை மர உயரம் வந்து நிற்கிறது. அவன் குழாய்தான் சரியாகக் காட்டுகிறதே, அதைத்தானே மாட்டப் போகிறார்கள், பிறகு உனக்கு என்ன என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் புரியவில்லை. அவர் கீழே விழமாட்டார் என்பது நிம்மதிதான். அவன் குழாயால் விழாமல் இருக்கப் போகிறார் என்பதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

சுல்தான்பேட்டையில் மகள் வீடு. அங்கே போயிருந்தபோது வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். இந்தக் குழாயில் தூசி படிந்திருந்தது, கழுவலாம் என்று எடுத்துப்போனேன். கழுவத்தான். கழுவுகிறபோது சும்மா ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தேன். மூக்குக்குப் பின்னால் குழி விழுந்தது, துளைகள் அதற்குள்ளேயே நின்றன. கையில் ஒரு வெறும் எஸ்.எஸ். ராடு நீளமாக இருந்தது. எப்படியோ பையில் வந்திருந்தது. அதன் முனையை இதே மாதிரி உருட்டி வைத்திருந்தேன். அதையும் பிடித்துப் பார்த்தேன். ஒரு சாணுக்கு அந்தப்பக்கம் தண்ணீர் பாய் விரித்த மாதிரி சமமாக ஓடியது.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பொண்ணு, "ஏனுங் அப்புச்சி, மீனு சிக்குதுங்களா?" என்றது.

"ஒண்ணு சிக்குச்சு சாமி" என்றேன்.

"எங்கீங்க காணோம்?"

"உட்டுட்டேன்."

அன்று சாயங்காலமே கணபதிக்கு வந்துவிட்டேன். மகள் இன்னும் ஒரு நாள் இருங்கள் என்றாள். அவசர வேலை என்றேன்.

உங்கள் கையில் இருப்பது புதுசு. பழையது இல்லை. பார்த்தீர்களா, மூக்கு ஒரு சாண். துளைகள் பின்னால். தங்கையா சொன்னதற்காக இப்படிச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். பழையது பார்வைக்குக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. நீளமான இறக்கைக்கு நீளமான குழாய்தான் எடுப்பாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது. நீளத்துக்கு ஆடக்கூடாது இல்லையா, அதனால் உள்ளே சுவரை இரண்டு மடங்கு கனம் வைத்தேன். அது தாளில் இல்லை. அது என்னுடையது. துளைகளின் விளிம்பில் பிசிறு ஒன்றுகூடக் கிடையாது, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அளவு தாளோடு ஒத்துப்போகிறது என்றால் தாளும் தற்செயலாகச் சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேனா என்று கேட்கிறீர்களா? இல்லைங்க. நான் சொன்னேனே, வெர்னியர். குடோனுக்குள் போவேன். நிமிர்ந்து இறக்கைக்கு அடியில் பார்ப்பேன். அங்கே அலுமினியக் குழாய் தொங்கிக்கொண்டிருந்தால் வெர்னியரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இதைப் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட மாட்டேன். யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்கும் பூக்கூடை அம்மாவுக்கும் கண்டக்டருக்கும் மட்டும் தெரியும், நீங்கள் யாரும் அங்கே வரப்போவதில்லை.

தொங்காமல் இருந்தால்? தொங்காமல் எப்படி இருக்கும். மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பறக்க வேண்டும். அவன் கை சும்மா இருக்குமா?

இருங்கள், ஃபோன் அடிக்கிறது. கண்ணாடி எங்கே. யார் என்று பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிங்கிரி என்றா போட்டிருக்கிறது? நன்றாகப் பார்த்தீர்களா? முதலாளிங்க. முதலாளிதான். எனக்குத் தெரியும். கொஞ்சம் இந்தக் குழாயைப் பிடியுங்கள், துணியோடு, துணியோடு.

சொல்லுங் மொதலாளி.

...

யாரு?

...

ஆமா, நாச்சிமுத்துதான் பேசறேன்.

...

பஸ்ஸுல. சும்மா, என்ற வெர்னியரை எடுக்க வந்துட்டிருக்கறேன்.

...

இன்னும் மாட்டலியா? ஏன் மாட்டல?

...

அப்படியா சொன்னாரு?

...

இல்ல. ஆமா. ஒண்ணு கையில இருக்குது.

...

நீளம் இருக்குது. தாளு மாதிரியேதான். செவுரு மட்டும் கனமா வச்சிருக்கறேன்.

...

சரி. மொதலாளி எங்க?

...

சரி. பிரிவுல நிக்கச் சொல்லுங்க. வச்சிரட்டுமா.

குழாயைக் கொடுங்கள். கீழே வைக்கவில்லையே? நல்லது.

தங்கையாதான் பேசினான். இறக்கைக்கு அடியில் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். அலுமினியக் குழாயை மாட்டுகிற பேச்சு வந்தபோதெல்லாம் முதலாளி, "பொறு, நாச்சி கொண்டாருவான்" என்று தடுத்துவிட்டாராம். அவர் தடுக்காவிட்டாலும் இவனே மாட்டியிருக்க மாட்டானாம். "ஒங்களதுக்குன்னு அளவெடுத்து போல்ட் போட்டு வச்சிருக்கேன் அண்ணாச்சி, என்னது அதுல உக்காராது" என்கிறான். நான் போனதும் ஜீப்பில் கட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டிவிடலாமாம். பக்கத்து சீட்டில் என்னை உட்காரச் சொன்னான், அவன் பின்னால் உட்கார்ந்துகொள்கிறானாம். பிரிவுக்கு ஜீப்பு வருகிறது.

நல்ல சேதிதான். இல்லை என்று சொல்லவில்லை. நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

முதலாளி ஏன் பேசவில்லை என்று கேட்டேன். என்ஜினுக்கு அடியில் படுத்திருக்கிறாராம், இரண்டு கையும் கிரீஸாம். அது வழக்கம்தான். கை கிரீஸாக இருக்கிறபோது ஃபோன் பேச வேண்டும் என்றால் பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவார். வாயால் சொல்ல மாட்டார். இந்த ஆறு வருஷமும் அவர் சட்டைப் பையில் கை விட்டு அந்த ஃபோனை எடுத்து, நம்பரை அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்தது நான்தான். என்னைத் தவிர யாருக்கும் அவர் அப்படி நெஞ்சைக் காட்டியதில்லை.

இன்றைக்கு அவனுக்குக் காட்டியிருக்கிறார். கண்டக்டர், செஞ்சேரிப் பிரிவுல நிறுத்துங்க. கொஞ்சம் வெரசலாப் போகச் சொல்லுங்க.